போவேன், போவோம், போவார்: கடந்தகாலப் பழக்கங்களை ஆங்கிலத்தில் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் ஒரு கல்லூரி மாணவி, தன் சிறுவயதைப் பற்றி எழுதிய பத்தி இது. ஆங்கில வாக்கியங்களை இந்தக் கட்டுரை முழுக்கத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்தால் எந்தச் சொல் என்று உடனே பிடிபடும். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் அவர் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

"வென் ஐ வாஸ் எ சைல்ட் வி ஆர் லிவிங் இன் மை கிராண்ட்மதர்ஸ் ஹவுஸ். மை கிராண்ட்மதர் ஹூ வாஸ் எ விடோ, யூஸ் டு கெட் அப் அட் ஃபோர். எவ்ரி மார்னிங் ஷி வாஸ் டிராயிங் எ கோலம், அண்ட் மில்க்கிங் த கவ்ஸ். ஷி வுட் ஹேவ் டூ கவ்ஸ், ஐ யூஸ்ட் டு கோ வித் ஹர் டு த டெம்பிள் ஃபார் சிக்ஸ் இயர்ஸ். நவ் ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் செவன்."

பத்து இடங்களில் பேனா வைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் இந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் வராது என்று யாரும் சொல்ல முடியாது. சொற்கள் சரி, சொல்ல வந்த விஷயமும் தெளிவு. பத்துத் திருத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எல்லாமே இரண்டு காரணங்களில் இருந்து வருகின்றன என்று தெரிந்தது. ஒன்று, தமிழில் "போவேன்" என்ற ஒரே வடிவம் பார்க்கும் வேலையை ஆங்கிலம் பல வடிவங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. இன்னொன்று, தமிழ் வாக்கியம் தன் உள் எல்லைகளைச் சொல்லின் விகுதியிலேயே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் பல இடங்களில் அந்த எல்லையைக் காட்டக் கமாதான் உண்டு. இந்த இரண்டும் மனதில் பதிந்துவிட்டால், இலக்கணப் புத்தகத்தில் தனித்தனியாகக் கிடக்கும் விதிகள் தாமாகவே ஒன்று சேர்ந்துவிடும்.

படி 1: உங்கள் "போவேன்" எந்தக் காலம்?

ஆங்கிலத்துக்குப் போகும் முன் தமிழைக் கவனிப்போம்.

நாளைக்குச் சந்தைக்குப் போவேன்.
தினமும் விடியற்காலையில் வாக்கிங் போவேன்.
சின்ன வயதில் ஆற்றுக்குக் குளிக்கப் போவேன்.

மூன்றிலும் வினை ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் இதை எதிர்கால வினைமுற்று என்று படித்தோம். ஆனால் முதல் வாக்கியம் மட்டும்தான் எதிர்காலம். இரண்டாவது இப்போதைய பழக்கம், மூன்றாவது எப்போதோ முடிந்துபோன பழக்கம். "நாளைக்கு", "தினமும்", "சின்ன வயதில்" ஆகிய சொற்கள் காலத்தைச் சுமந்துகொள்வதால் வினை மாறாமல் அப்படியே நிற்கிறது.

ஆங்கிலத்தில் வினையே காலத்தைச் சுமக்க வேண்டும். முதல் வாக்கியம் "ஐ வில் கோ". இரண்டாவது வெறும் "ஐ கோ". மூன்றாவதற்கு மூன்று வழிகள் உண்டு: "ஐ யூஸ்ட் டு கோ", "ஐ வுட் கோ", "ஐ வென்ட்". ஆகவே ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறதா, முடிந்துவிட்டதா?

மாணவியின் கடைசி வாக்கியம் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்த பிழை. "நவ் ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் செவன்." இப்போது ஏழு மணிக்கு எழுந்திருப்பது வழக்கம் என்று சொல்ல வந்தார். "யூஸ்ட் டு" என்றால் "வழக்கம்" என்று யாரோ பொருள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. "யூஸ்ட் டு" என்பதில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன: அப்போது வழக்கமாக இருந்தது, இப்போது இல்லை. வேலைக்கான நேர்முகத் தேர்வில் "ஐ யூஸ்ட் டு ரீட் த நியூஸ்பேப்பர் எவ்ரி டே" என்று சொன்னால், எதிரில் இருப்பவர் நீங்கள் செய்தித்தாள் படிப்பதை விட்டுவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்வார். இப்போதைய பழக்கத்துக்கு "ஐ ரீட் த நியூஸ்பேப்பர் எவ்ரி டே" போதும். "வழக்கமாக" என்ற அழுத்தம் வேண்டுமானால் "ஐ யூஷுவலி ரீட்" என்று எழுதுங்கள்.

இந்தத் தவறு ஏதோ நம் ஊர்க்காரர்களின் மூளைக் கோளாறு என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். "யூஸ் டு" என்ற நிகழ்கால வடிவம் ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில் இருந்தது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிள் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பில், 119ஆம் சங்கீதத்தின் 132ஆம் வசனத்தில், "நீர் வழக்கமாகச் செய்கிறபடி" என்ற பொருளில் அது நிகழ்காலத்தில் வருகிறது. பிறகு ஆங்கிலம் நிகழ்காலத்தைக் கைவிட்டு, இறந்தகால வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டது. இன்று அதற்கு மிஞ்சியிருப்பது கடந்தகாலம் ஒன்றுதான்.

படி 2: "யூஸ்ட் டு" எழுதும்போது

எழுத்துப் பிழையை முதலில் முடித்துவிடலாம். "யூஸ்ட்" என்பதன் கடைசியில் டி என்ற எழுத்து (ஆங்கில அகரவரிசையில் சிக்கு அடுத்து வரும் டி) உண்டு. பேசும்போது அது அடுத்து வரும் "டு"வோடு ஒட்டிக்கொண்டு "யூஸ்டு" என்று ஒரே மூச்சில் வருவதால் காதில் விழாது. அதனால்தான் மாணவி "யூஸ் டு" என்று எழுதினார். சாதாரண வாக்கியத்தில் டி கட்டாயம்: "ஷி யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபோர்."

"டிட்" முன்னால் வந்துவிட்டால் கதை வேறு. இறந்தகாலத்தை "டிட்" எடுத்துக்கொள்கிறது, ஆகவே டி போய்விடும்: "டிட் யூ யூஸ் டு லிவ் இன் சேலம்?", "வி டிடின்ட் யூஸ் டு லாக் த டோர்." இங்கேயும் டி போட்டு எழுதுகிறவர்கள் ஆங்கில நாடுகளிலேயே இருக்கிறார்கள், அதை ஒப்புக்கொள்ளும் புத்தகங்களும் உண்டு. தேர்வுக்கும் அலுவலகத்துக்கும் டி இல்லாத வடிவம்தான் பாதுகாப்பு. எதிர்மறைக்கு இன்னொரு அழகான வழியும் இருக்கிறது: "வி நெவர் யூஸ்ட் டு லாக் த டோர்." இதில் "டிட்" இல்லை, குழப்பமும் இல்லை. நான் எழுதும்போது பெரும்பாலும் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்து, "யூஸ்ட் டு" செயலுக்கும் பொருந்தும், நிலைக்கும் பொருந்தும். "யூஸ்ட் டு வாக்" என்பது செயல். "யூஸ்ட் டு பி ஷை" (கூச்ச சுபாவமாக இருந்தேன்), "யூஸ்ட் டு ஹேவ் லாங் ஹேர்" (நீளமான முடி இருந்தது) என்பவை நிலை. இதை நினைவில் வையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

"யூஸ்ட் டு"வோடு சேராதது ஒன்று உண்டு: மொத்தக் கணக்கு. எத்தனை வருடம், எத்தனை தடவை என்று எண்ணி முடித்துவிட்டீர்களானால் "யூஸ்ட் டு" வராது. "வி யூஸ்ட் டு லிவ் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" தவறு. "வி லிவ்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" சரி. "ஐ யூஸ்ட் டு விசிட் ராமேஸ்வரம் த்ரீ டைம்ஸ்" தவறு. "ஐ விசிட்டட்" சரி. ஆனால் "த்ரீ டைம்ஸ் எ வீக்" என்றால் தாராளமாக "யூஸ்ட் டு" போடலாம். வாரத்துக்கு மூன்று தடவை என்பது திரும்பத் திரும்ப நடப்பதன் வேகம். மூன்று தடவை என்பது முடிந்துபோன கணக்கு. மாணவியின் "ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" இதில்தான் மாட்டிக்கொண்டது.

இதே உருவத்தில் திரியும் இன்னொரு சொற்றொடர்: "ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் ஏர்லி." சீக்கிரம் எழுந்து எனக்குப் பழகிவிட்டது என்று பொருள். முன்னால் "ஆம்", "இஸ்", "வாஸ்" ஏதாவது இருக்கும், பின்னால் வினைச்சொல் வந்தால் அது "இங்" சேர்ந்து வரும். "வழக்கம்" என்பதற்கும் "பழக்கமாகிவிட்டது" என்பதற்கும் இடையே தமிழில் இருக்கும் வித்தியாசம்தான் இது.

படி 3: "வுட்", நம் "போவேன்" சொல்லின் சொந்தக்காரர்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தமிழ் படித்த ஒருவருக்கு இது ஆங்கிலேயரைவிடச் சுலபமாகப் புரிய வேண்டும்.

"வுட்" என்பது "வில்" என்ற எதிர்காலத் துணைவினையின் இறந்தகால வடிவம். எதிர்காலத்தைச் சொல்லும் சொல்லைப் பின்னால் இழுத்துப்போய்க் கடந்தகாலப் பழக்கத்தைச் சொல்ல ஆங்கிலம் பயன்படுத்துகிறது. நாமும் அதையேதான் செய்கிறோம். "அப்போதெல்லாம் தாத்தா வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போவார், வரும்போது பொரி வாங்கி வருவார், எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பங்கு போடுவார்." போவார், வருவார், போடுவார். மூன்றும் எதிர்கால வடிவம். சொல்வது ஐம்பது வருடம் முந்தைய கதை. ஆங்கிலத்தில்: "ஆன் ஃப்ரைடேஸ் ஹி வுட் கோ டு த மார்க்கெட், பிரிங் பேக் பஃப்ட் ரைஸ், அண்ட் ஷேர் இட் அவுட் அமங் அஸ்." அசைபோடுகிற அதே தொனி, நினைவில் ஆழ்ந்து பேசுகிற அதே குரல்.

ஆகவே ஒரு சுலபமான சோதனை: தமிழில் பழங்கதை சொல்லும்போது "-வார், -வோம், -வேன்" என்று வாய் தானாகப் போகிறதா? அங்கே "வுட்" பொருந்த நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் மூன்று எச்சரிக்கைகள் இருக்கின்றன.

முதலாவது, "வுட்" தனியாக வந்து கதையைத் தொடங்காது. "போவேன்" என்று மொட்டையாகச் சொன்னால் நாளைக்குப் போவேன் என்றுதானே கேட்பவர் எடுத்துக்கொள்வார்? அப்படியே "ஐ வுட் கோ டு த ரிவர்" என்று மொட்டையாக எழுதினால், முடிந்தால் போவேன், வாய்ப்பு கிடைத்தால் போவேன் என்ற பொருள் வந்துவிடும். முதலில் காலத்தை நாட்டுங்கள்: "வென் ஐ வாஸ் டென்", "இன் தோஸ் டேஸ்", "எவ்ரி சம்மர்". அல்லது முந்தைய வாக்கியத்தில் ஒரு "யூஸ்ட் டு" வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு "வுட்" தாராளமாக ஓடும்.

இரண்டாவது, "வுட்" செயலுக்கு மட்டும், நிலைக்கு வராது. இருந்தது, பிடித்தது, தெரிந்தது, சொந்தமாக வைத்திருந்தது, குடியிருந்தது என்பவற்றுக்கு "வுட்" போடக் கூடாது. தமிழ்க் காது இங்கே ஏமாற்றிவிடும். "அப்போது பாட்டியிடம் எப்போதும் இரண்டு மாடு இருக்கும்" என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். "இருக்கும்" என்பதும் அதே எதிர்கால வடிவம்தான். அதை அப்படியே மாற்றியதால் வந்தது "ஷி வுட் ஹேவ் டூ கவ்ஸ்". ஆங்கிலத்தில் அது "இரண்டு மாடு வைத்திருப்பாராம்" என்பது போல, நடக்காத ஒன்றைச் சொல்வதாக ஒலிக்கும். "ஷி ஹேட் டூ கவ்ஸ்" அல்லது "ஷி யூஸ்ட் டு ஹேவ் டூ கவ்ஸ்" என்று எழுத வேண்டும்.

மூன்றாவது, எதிர்மறை. "ஷி வுட் நாட் ஈட் அவுட்சைட்" என்றால் வெளியில் சாப்பிட மறுத்தார் என்ற பிடிவாதம் தொனிக்கும். தமிழில் "பாட்டி வெளியில் சாப்பிட மாட்டார்" என்பதிலும் வழக்கமும் மறுப்பும் கலந்தே இருக்கின்றன. வெறும் வழக்கத்தைச் சொல்ல வேண்டுமானால் "ஷி நெவர் ஏட் அவுட்சைட்" என்று சிம்பிள் பாஸ்ட், அதாவது சாதாரண இறந்தகாலம், போட்டுவிடுங்கள். மறுப்பும் சேர்ந்து ஒலிக்க வேண்டுமானால் "வுட் நாட்" சரியான சொல்.

படி 4: சந்தேகம் வந்தால் சிம்பிள் பாஸ்ட்

"வென்ட்", "ஏட்", "லிவ்ட்", "ஹேட்" போன்ற சாதாரண இறந்தகாலத்தைப் பலர் ஒரு தடவை நடந்ததற்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. "எவ்ரி டே", "ஆஃபன்", "ஆல்வேஸ்" போன்ற ஒரு சொல் பக்கத்தில் இருந்தால், பழக்கத்தை அது முழுமையாகச் சொல்லிவிடும். "வி வாக்ட் டு ஸ்கூல் எவ்ரி டே" என்பதில் எந்தக் குறையும் இல்லை. செயல், நிலை, கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே வடிவம் இதுதான்.

அப்படியானால் மற்ற இரண்டும் எதற்கு? "யூஸ்ட் டு" மாற்றத்தைச் சொல்கிறது: அன்று அப்படி, இன்று இப்படி. "வுட்" நினைவின் சுவையைத் தருகிறது. சிம்பிள் பாஸ்ட் செய்தியைச் சொல்லிவிட்டு நகர்கிறது. நல்ல பத்தியில் மூன்றும் கலந்து வரும். "யூஸ்ட் டு" ஒன்றால் கதவைத் திறந்து, இரண்டு மூன்று "வுட்" போட்டுக் காட்சியைக் காட்டி, ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்ததைச் சிம்பிள் பாஸ்டில் சொல்வது நல்ல எழுத்தாளர்கள் பலரிடம் காணக் கிடைக்கும் ஒழுங்கு. ஒரே பத்தியில் எட்டு "யூஸ்ட் டு" வந்தால் படிக்கிறவருக்குக் கல் தடுக்கிக்கொண்டே நடப்பது போல இருக்கும்.

ஒருமுறை நடந்ததற்கு "வுட்", "யூஸ்ட் டு" இரண்டுமே வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஒன் டே ஷி ஃபெல் அண்ட் ப்ரோக் ஹர் ஆர்ம்." அவ்வளவுதான்.

படி 5: "கொண்டிருந்தேன்" என்ற ஈர்ப்பு

"எவ்ரி மார்னிங் ஷி வாஸ் டிராயிங் எ கோலம்." தமிழில் "போட்டுக்கொண்டிருந்தார்" என்று நினைத்து எழுதியது. பாஸ்ட் கன்டினியூவஸ் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பாதியில் இருந்த செயலைக் காட்டும்: நான் கதவைத் திறந்தபோது பாட்டி கோலம் போட்டுக்கொண்டிருந்தார். தினமும் போடுவதற்கு அது தேவையில்லை. "வாஸ் ஆல்வேஸ் லூசிங் ஹிஸ் கீஸ்" என்று "ஆல்வேஸ்" சேர்த்தால் மட்டும், எப்போது பார்த்தாலும் இதே வேலை என்ற சலிப்போடு பழக்கத்தைச் சொல்ல உதவும்.

"வி வேர் லிவிங் இன் மதுரை" என்று எழுதலாமா என்று கேட்பார்கள். கொஞ்ச காலம் தற்காலிகமாக இருந்ததையோ, வேறொரு நிகழ்ச்சிக்குப் பின்னணியையோ சொல்ல எழுதலாம். வளர்ந்த வீட்டுக்கு "லிவ்ட்" போதும்.

பாஸ்ட் பெர்ஃபெக்ட், அதாவது "ஹேட் கான்" போன்றது, இந்த விஷயத்துக்கே சம்பந்தம் இல்லாதது. இரண்டு கடந்தகால நிகழ்ச்சிகளில் முந்தியது எது என்று காட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. "போயிருந்தேன்" என்ற தமிழ் வடிவம் காதில் இருப்பதால் "லாஸ்ட் வீக் ஐ ஹேட் கான் டு சென்னை" என்று எழுதிவிடுகிறோம். "வென்ட்" என்று மாற்றிவிடுங்கள்.

படி 6: கமா என்னும் எல்லைக்கல்

இப்போது நிறுத்தக்குறிகளுக்கு வருவோம். மூச்சு விடும் இடத்தில் கமா என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். ஆங்கிலக் கமா மூச்சுக்காக அல்ல, எல்லைக்காக.

"நாங்கள் சாப்பிடும்போது நாய் வாசலில் படுத்திருக்கும்." இந்த வாக்கியத்தில் துணைப்பகுதி எங்கே முடிகிறது? "போது" என்ற இடத்தில். அந்தச் சொல்லே எல்லைக்கல்லாக நிற்கிறது, வேறு குறி தேவையில்லை. ஆங்கிலத்தில் அதே "போது" வேலையைச் செய்யும் "வென்" துணைப்பகுதியின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. முடிவில் எதுவும் இல்லை. கமா இல்லாமல் எழுதிப் பாருங்கள்:

"வென் வி ஏட் த டாக் வுட் லை பை த டோர்."

"வென் வி ஏட் த டாக்" வரை படித்தவருக்கு, நாயைச் சாப்பிட்டபோது என்று ஒரு கணம் ஓடிவிடும். பிறகு "வுட்" வந்ததும் திடுக்கிட்டுத் திரும்பிப் போய்ப் படிப்பார். "ஏட்" என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு கமா வைத்தால் இந்தத் தடுமாற்றமே இல்லை: "வென் வி ஏட், த டாக் வுட் லை பை த டோர்."

இதையே திருப்பிப் போடுங்கள்: "த டாக் வுட் லை பை த டோர் வென் வி ஏட்." இங்கே கமா வேண்டாம். ஏன்? இரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடத்தில் "வென்" தானே வந்து நின்றுவிட்டது. எல்லைக்கல் இருக்கும் இடத்தில் இன்னொரு கல் எதற்கு? "துணைப்பகுதி முன்னால் வந்தால் கமா, பின்னால் வந்தால் வேண்டாம்" என்று விதியாகச் சொல்வார்கள். காரணம் இதுதான் என்று புரிந்துவிட்டால் விதி மறக்காது. "இஃப்", "வெனெவர்", "பிஃபோர்", "ஆஃப்டர்", "அன்டில்" எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

முன்னால் வருவது சிறிய சொற்றொடராக இருந்தால், "எவ்ரி மார்னிங்", "இன் தோஸ் டேஸ்" போல, கமா உங்கள் விருப்பம். ஒரே கட்டுரையில் ஓரிடத்தில் வைத்து ஓரிடத்தில் விடாமல் ஒரே மாதிரி இருந்தால் போதும். நாலைந்து சொற்களைத் தாண்டினால் வைத்துவிடுவது நல்லது. "ஆல்வேஸ்", "ஆஃபன்" போன்றவை வாக்கியத்தின் நடுவில் வரும்போது இருபுறமும் கமா போடாதீர்கள்: "வி ஆல்வேஸ் வாக்ட் டு ஸ்கூல்."

பிறர் பேச்சைச் சொல்லும்போதும் இதே எல்லைப் பிரச்சினைதான். "முதலில் சாப்பிடு என்பார் பாட்டி" என்பதில் "என்பார்" எல்லை காட்டுகிறது. ஆங்கிலத்தில் "ஷி வுட் சே" என்றதும் ஒரு கமா, பிறகு மேற்கோள்குறி திறந்து "ஈட் ஃபர்ஸ்ட்" என்று அவர் சொன்னது. "தட்" போட்டுச் சொன்னால் அந்தச் சொல்லே எல்லையாகிவிடுவதால் கமாவும் மேற்கோள்குறியும் போய்விடும்: "ஷி வுட் சே தட் வி ஷுட் ஈட் ஃபர்ஸ்ட்."

படி 7: ஒற்றைக் கமா கூடாத இடம்

மாணவியின் இரண்டாவது வாக்கியத்தில் "விடோ" என்ற சொல்லுக்குப் பின் ஒரு கமா. "எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், தினமும் சைக்கிளில் வருவார்" என்று தமிழில் நீளமான எழுவாய்க்குப் பின் கமா வைப்பது சாதாரணம், அழகும்கூட. ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா வரக் கூடாது. இரண்டு வரலாம், அல்லது ஒன்றுமே வேண்டாம்.

இரண்டா, பூஜ்யமா என்பதைப் பொருள் தீர்மானிக்கும். "மை அங்கிள், ஹூ லிவ்ட் இன் சேலம், யூஸ்ட் டு விசிட் அஸ் எவ்ரி தீபாவளி." இங்கே ஒரே மாமா, அவர் சேலத்தில் இருந்தார் என்பது கூடுதல் தகவல், தூக்கிவிட்டாலும் யார் என்று தெரியும். இரண்டு கமாவையும் எடுத்துவிட்டால், எனக்குப் பல மாமாக்கள், அவர்களில் சேலத்தில் இருந்தவர் என்று ஆகிவிடும். "சேலத்தில் இருந்த மாமா" என்ற தமிழ்த் தொடர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது, அதனால்தான் நமக்கு இது பழக்கமில்லாத யோசனை. தூக்கினாலும் ஆள் தெரிகிறாரா என்று கேளுங்கள். தெரிந்தால் இருபுறமும் கமா.

படி 8: வாக்கியத்தை வாக்கியத்தோடு கமாவால் தைக்காதீர்கள்

"ஷி வுட் ஹேவ் டூ கவ்ஸ், ஐ யூஸ்ட் டு கோ வித் ஹர்..." வினையை விட்டுவிடுங்கள், அந்தக் கமாவைப் பாருங்கள். இருபுறமும் முழு வாக்கியங்கள். தமிழில் "தாத்தா சந்தைக்குப் போவார், பொரி வாங்கி வருவார்" என்று முற்றுவினைகளைக் கமாவால் கோப்பது நல்ல நடை. ஆங்கிலத்தில் அது பிழை. திருத்த மூன்று வழிகள்: முற்றுப்புள்ளி வைக்கலாம், கமாவோடு "அண்ட்", "பட்", "ஸோ" சேர்க்கலாம், இரண்டும் நெருங்கிய செய்தி என்றால் செமிகோலன் வைக்கலாம். "வி யூஸ்ட் டு ஹேவ் எ வெல், பட் இட் டிரைட் அப்" என்பதில் "பட்" முன்னால் கமா இருப்பது இதனால்தான்.

எழுவாய் ஒன்றே ஆகி வினை மட்டும் இரண்டானால் "அண்ட்" முன்னால் கமா வேண்டாம்: "ஷி வுட் டிரா எ கோலம் அண்ட் மில்க் த கவ்ஸ்." "வுட்" ஒருமுறை போட்டால் போதும் என்பதையும் கவனியுங்கள், அடுத்த வினையும் அதற்குள் அடங்கிவிடும். மூன்று வினை வந்தால் இடையில் கமாக்கள் வரும். கடைசி "அண்ட்" முன் வைப்பதும் விடுவதும் நீங்கள் பின்பற்றும் நடையைப் பொறுத்தது. நான் வைப்பேன்.

படி 9: அபாஸ்ட்ரஃபியும் டி எழுத்தும்

"வி" என்பதோடு அபாஸ்ட்ரஃபியும் (எழுத்தின் மேல்பக்கம் வரும் கமா போன்ற குறி) டி எழுத்தும் சேர்ந்தால் அது "வி வுட்" ஆகவும் இருக்கலாம், "வி ஹேட்" ஆகவும் இருக்கலாம். அடுத்த வினையைப் பார்த்தால் தெரிந்துவிடும். "கோ" வந்தால் "வுட்", "கான்" வந்தால் "ஹேட்". "புட்", "கட்", "கம்" போன்ற சொற்களுக்கு இரண்டிலும் ஒரே வடிவம் என்பதால், அங்கே சுருக்காமல் முழுதாக எழுதுங்கள்.

ஞாயிறுதோறும் என்று சொல்ல "ஆன் சண்டேஸ்" என்று எழுதும்போது எஸ் எழுத்துக்கு முன் அபாஸ்ட்ரஃபி கிடையாது. அது வெறும் பன்மை. 1980களில் என்பதற்கும் எண்ணோடு எஸ் எழுத்து மட்டும் போதும். 19ஐ விட்டுவிட்டு 80 மட்டும் எழுதினால், விட்டுப்போன எண்களின் இடத்தில், 80க்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி வரும்.

படி 10: திருத்திய பத்தி

ஒரு வாரம் கழித்து அந்த மாணவி தானே திருத்திக் கொண்டுவந்தது இது. நான் தொட்டது ஒரே ஒரு இடத்தைத்தான்.

"வென் ஐ வாஸ் எ சைல்ட், வி லிவ்ட் இன் மை கிராண்ட்மதர்ஸ் ஹவுஸ். மை கிராண்ட்மதர், ஹூ வாஸ் எ விடோ, யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபோர். ஷி ஹேட் டூ கவ்ஸ். எவ்ரி மார்னிங் ஷி வுட் டிரா எ கோலம் அண்ட் மில்க் தெம். ஐ வென்ட் டு த டெம்பிள் வித் ஹர் எவ்ரி ஃப்ரைடே ஃபார் சிக்ஸ் இயர்ஸ். நவ் ஐ கெட் அப் அட் செவன்."

மாடுகள் வாக்கியத்தைக் கோலத்துக்கு முன்னால் நகர்த்தியது அவருடைய யோசனை. அப்படி வைத்தால்தான் கடைசியில் "தெம்" என்று சொல்லலாம், "கவ்ஸ்" இரண்டு முறை வராது. நான் சேர்க்கச் சொன்னது "எவ்ரி ஃப்ரைடே". "வென்ட்" மட்டும் இருந்தால் ஆறு வருடம் கோயிலுக்குப் போய்வந்தது செய்தியாக மட்டும் நிற்கிறது. வெள்ளிக்கிழமை வந்ததும் அது பழக்கமாகிவிடுகிறது. நான்காவது வாக்கியத்தில் "மார்னிங்" பின்னால் கமா வைக்கட்டுமா என்று கேட்டார். வைத்தாலும் சரி, விட்டாலும் சரி என்றேன். சத்தமாக இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.